காட்டேரிக் கதையும் நம்பப்படாத சாட்சிகளும்

பேய்க்கதைகளைக் கிறிஸ்தவர்கள் வாசிக்கலாமா என்னும் கேள்வி நம் சபைகளின் வாலிபர் கூட்டங்களில் இன்றும் எழுப்பப்படுகிறது. கேட்போர் பெரும்பாலும் வாசித்து முடித்த பின்னரே கேட்கின்றனர் என்பதும் ஆயர்கள் அறிந்ததே. இதற்கு நாம் வழக்கமாக அளிக்கும் விடைகள் இரண்டு. அசுத்த ஆவிகளைப்பற்றிய கதை அவ்வாவிகளுக்கு வாசலைத் திறந்துவிடும், ஆகையால் விலகி நிற்க வேண்டும் என்பது ஒன்று. அது வெறும் கற்பனை, பொழுதுபோக்கு, பொருட்படுத்தத் தேவையில்லை என்பது மற்றொன்று. முதல் விடை கதைக்கு அளவுமீறி அஞ்சுகிறது. இரண்டாவது அதனை அளவுமீறி அலட்சியம் செய்கிறது. கதை என்ன சொல்லுகிறது என்று இரு விடைகளும் கேட்பதில்லை.

இக்கட்டுரையில் அவ்வகைப் புதினம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனைத் தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு வாசிக்கும் ஒருவருக்கு அது தரும் பொருள் யாது என்று விளக்க முற்படுகிறோம். அமெரிக்க எழுத்தாளர் கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. அதன் நீண்ட பெயரைத் தமிழில், 'வாம்பயர்களைக் கொல்லத் தென்னாட்டு வாசகர் வட்டத்தின் கையேடு' எனலாம். நகைப்புக்கிடமான பெயர், நூலின் முற்பகுதியும் நகைச்சுவை கலந்தே நடக்கிறது. ஆனால் அதன் நடுப்பகுதி நகைப்புக்குரியதன்று.

வாம்பயரும் காட்டேரியும்

ஆங்கிலத்தில் வாம்பயர் எனப்படுவதைத் தமிழில் இரத்தக் காட்டேரி என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. வசதியான பெயர்ப்பு, எனினும் பொருள் முழுவதும் பொருந்துவதன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொண்டாலன்றிப் புதினத்தின் உட்பொருள் விளங்காது.

18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்கள் சிலவற்றில், இறந்தோர் கல்லறையினின்று எழுந்துவந்து உயிருள்ளோரின் இரத்தத்தைக் குடிக்கின்றனர் என்னும் அச்சம் பரவிற்று. கல்லறைகள் தோண்டப்பட்டன, பிணங்கள் எரிக்கப்பட்டன. பிரெஞ்சு நாட்டுப் பெனடிக்டைன் மடாதிபதி அகஸ்டின் கால்மே 1746-இல் இப்பொருள் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா தம் மருத்துவரான கெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் அறிக்கை பெற்று, கல்லறைகளை இவ்வாறு தோண்டுவதை 1755-இல் தடைசெய்தார். அச்சிற்றூரார் அஞ்சிய பிணம் பெரும்பாலும் ஒரு குடியானவனுடைய பிணமே. இலக்கியத்திற்குள் நுழைந்தபோதோ அது பிரபுவின் வேடம் பூண்டது. 1819-இல் ஜான் பாலிடோரி எழுதிய கதையில் வாம்பயர் உயர்குடிச் செல்வன். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலா கோட்டையும் நிலமும் உடைய கோமகன். மெய்யாகவே இரத்தம் குடிப்போர் கல்லறைகளில் இல்லை, பணப் பேரம் நடக்கும் இடங்களில் நடமாடுகின்றனர் என்று வால்டேர் முன்னரே எள்ளியிருந்தார். கார்ல் மார்க்ஸ் 1867-இல் மூலதனத்தின் இயல்பை விளக்குவதற்கு இதே உருவகத்தைக் கையாண்டார். ஆக, மேனாட்டு எழுத்தில் வாம்பயர் என்பவன் பிறர் உழைப்பிலும் உயிரிலும் வாழும் மேலிடத்து மனிதன்.

நம் நாட்டுக் காட்டேரி அத்தகையவள் அல்லள். தமிழ்நாட்டின் வடமாவட்டச் சிற்றூர்களில் அவள் ஒரு பெண்தெய்வம். கருவுற்ற தாய்க்கும் சிசுவுக்கும் அவளால் தீங்கு நேராதபடி படையல் இடுகின்றனர். ஒப்பந்தக் கூலிகளாய்க் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் மக்கள் இவ்வழிபாட்டையும் உடன்கொண்டு சென்றனர். பொதுவாக நம் ஊர்களில் பேயாய் அலைவதாகச் சொல்லப்படுவோர் யாவர் என எண்ணிப்பார்த்தால் ஒன்று புலப்படும். பிள்ளைப்பேற்றில் மாண்டவள், கிணற்றில் விழுந்தவள், தூக்கிட்டுக்கொண்டவள், வெட்டுண்டு இறந்தவன் ஆகியோரே அவர்கள். அநியாயமாய், அகாலத்தில் மாண்டோர் என்று சுருங்கச் சொல்லலாம்.

மேனாட்டுப் புதினத்தில் ஒடுக்குகிறவன் பேயாகிறான். நம் வழக்கிலோ ஒடுக்கப்பட்டவள் பேயாகிறாள். கிணற்றில் விழுந்த மருமகளுக்கு நாம் அஞ்சுகிறோம், படையலிட்டு அவளை அமைதிப்படுத்துகிறோம். அவள் ஏன் விழுந்தாள் என்று அவ்வீட்டாரை எவரும் கேட்பதில்லை. இறந்தவளை அடக்கிவைப்பதற்குப் பூசாரி உண்டு. அவளுடைய வழக்கைக் கேட்பதற்கு ஆள் இல்லை. இக்காரணத்தால் இக்கட்டுரையில் அமெரிக்கப் புதினத்தின் கொடியவனைக் காட்டேரி என்னாது வாம்பயர் என்றே குறிப்பிடுகிறோம்.

புதினத்தின் கதை

கதை நிகழுமிடம் அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரையடுத்த மவுண்ட் பிளசன்ட் என்னும் புறநகர்ப் பகுதி. காலம் 1980-களின் பிற்பகுதியும் அதனைத் தொடர்ந்த சில ஆண்டுகளும். அங்குள்ள 'பழைய ஊர்' என்னும் குடியிருப்பில் வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் வாழ்கின்றன. பெட்ரீஷியா கேம்பல் என்னும் இல்லத்தரசி அவர்களில் ஒருத்தி. அவள் கணவன் கார்ட்டர் மனநல மருத்துவன். ஞாபகசக்தியை இழந்துவரும் மாமியார் மேரி அம்மையாரையும் அவளே பேணவேண்டியுள்ளது.

பெட்ரீஷியாவும் அண்டை வீட்டுப் பெண்களும் மாதந்தோறும் கூடி நூல் ஒன்றைப் படித்துப் பேசுகின்றனர். அவர்கள் விரும்பிப் படிப்பவை கொலை வழக்குகளைப் பற்றிய நூல்கள். இவ்வட்டம் தோன்றிய விதத்தை ஆசிரியர் வேடிக்கையாகச் சொல்லுகிறார். மற்றொரு கண்ணியமான இலக்கிய வட்டத்தில், ஆலன் பேட்டன் 1948-இல் எழுதிய தென்னாப்பிரிக்கப் புதினத்தைப் பெட்ரீஷியா படிக்காமலே வந்து அகப்பட்டுக்கொள்ளுகிறாள். அவ்வட்டத்தைவிட்டு வெளியேறிய பெண்களே புதிய வட்டத்தை அமைக்கின்றனர். பேட்டனின் புதினம் காணாமற்போன தன் மகனைத் தேடிச் செல்லும் கறுப்பின ஆயர் ஒருவரின் கதை என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவர். கறுப்பினப் பெற்றோரின் துயரத்தை ஏட்டில் படிக்கத் தவறியவள், அதனைப் பின்னர் தன் ஊருக்கு அருகிலேயே காண நேரிடுகிறது. ஆசிரியர் இதை எங்கும் விரித்துரைக்கவில்லை. வாசகரே கண்டுகொள்ளும்படி விட்டிருக்கிறார்.

ஜேம்ஸ் ஹாரிஸ் என்னும் புதியவன் அவ்வூருக்குக் குடிவருகிறான். இனிய பேச்சு, நல்ல தோற்றம், கையில் பணம். மேரி அம்மையார் அவனைக் கண்டதும் அலறுகிறார். தம் சிறுவயதில் தம் ஊரில் வேறொரு பெயரில் வாழ்ந்து, குழந்தைகளின் சாவுக்குக் காரணமாயிருந்தவன் இவனே என்கிறார். மூளை கலங்கிய கிழவியின் பேச்சென்று அது தள்ளப்படுகிறது. அம்மையாரைக் கவனித்துக்கொள்ள வேலைக்கு வரும் கறுப்பினப் பெண்மணி கிரீன், தான் வாழும் 'ஆறு மைல்' என்னும் பகுதியில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மெலிந்து, தங்களையே மாய்த்துக்கொள்ளுகின்றனர் என்கிறாள். காவல்துறையினர் அக்கறை காட்டவில்லை. கறுப்பினச் சேரியில் பிள்ளைகள் சாவது அவர்களுக்குச் செய்தியன்று. பெட்ரீஷியா தன் கண்ணாலேயே கண்டுவிடுகிறாள், சொல்லுகிறாள், மனநல மருத்துவனான கணவன் அதை நோயின் அறிகுறியாகக் கணிக்கிறான்.

இதற்குள் ஊரின் ஆடவர்கள் ஹாரிஸின் வீட்டுமனைத் திட்டம் ஒன்றில் தங்கள் பணத்தைப் போட்டுவிட்டனர். பெண்கள் காவல்துறையிடம் செல்லத் துணிந்த நாளில், கணவன்மார் ஒன்றுகூடி அவர்களை நாணச்செய்து, ஹாரிஸையும் அழைத்துவந்து, மன்னிப்புக் கேட்கும் நிலைக்குக் கொண்டுவருகின்றனர். அதன்பின் மூன்று ஆண்டுகள் அமைதி. ஊர் செழிக்கிறது, எல்லோர் வீட்டிலும் பணம் சேருகிறது. ஆறு மைலில் பிள்ளைகள் தொடர்ந்து சாகின்றனர். வாம்பயரின் பார்வை பெட்ரீஷியாவின் சொந்தப் பிள்ளைகள்மேல் விழும்போதே கதை மீண்டும் அசைகிறது.

அம்மூன்று ஆண்டுகளே இந்நூலில் மிகக் கொடியவை என்பது நம் கருத்து. எலிகள் கூட்டமாய்ப் பாயும் காட்சியும், இரத்தம் குடிக்கும் காட்சியும் அச்சமூட்டவே எழுதப்பட்டவை, அச்சமூட்டுகின்றன, மறந்தும் போகின்றன. ஒன்றும் நிகழாத அம்மூன்று ஆண்டுகளின் வளம் மறப்பதில்லை.

மூன்று சாட்சிகளும் ஓர் ஊரும்

இப்புதினத்தில் உண்மையை அறிந்த சாட்சிகள் மூவர். ஒருத்தி முதியவள், அறிவு தடுமாறியவள். ஒருத்தி கறுப்பினத்தவள், கூலிக்கு வேலை செய்பவள். ஒருத்தி இல்லத்தரசி, கணவன் சம்பாத்தியத்தில் வாழ்பவள். மூவர் சொல்லும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகிறது. ஆயினும் மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களால் தள்ளப்படுகின்றன. குற்றவாளியின் சொல்லோ எவ்வித ஆதாரமுமின்றி ஏற்கப்படுகிறது. அவன் கண்ணியமானவன்; ஊராரின் பணம் அவன் கையில் உள்ளது. வாம்பயர் பகலில் வெளிவராதவன் என்பர். இக்கதையில் அவனை மறைப்பது இருளன்று, ஊராரின் மதிப்பே.

தருமபுரி மாவட்டத்தில் வாழ்வோர் இப்பகுதியைப் படிக்கும்போது வாச்சாத்தியை நினையாமல் இருக்க இயலாது. நாம் இப்புதினத்தைப்பற்றி எழுதத் துணிந்ததே அதன்பொருட்டுத்தான்.

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் பெருந்திரளாய் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தனர். இளம்பெண்கள் ஏரிப்பக்கம் கொண்டுசெல்லப்பட்டுக் கெடுக்கப்பட்டனர். அவ்வாறு கெடுக்கப்பட்டோர் 18 பேர் என்பது பின்னர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. வீடுகள் சூறையாடப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, கிணற்று நீர் பாழாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாய் நூற்றுக்கு மேற்பட்டோர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

செய்தி வெளிவந்தபோது அரசுத் தரப்பு அதனை மறுத்தது. கடத்தல்காரர்கள் தங்கள் குற்றத்தை மறைக்கப் புனைந்த கதை என்றே பேசப்பட்டது. ஆறு மைலின் பெண்களைப்போலவே இங்கும் சாட்சிகளின் தகுதியே முதலில் விசாரிக்கப்பட்டது. மலைவாழ் பெண்கள், எழுத்தறிவில்லாதோர், 'கடத்தல்காரரின்' மனைவியர் சொல்வது ஒருபுறம். சீருடை அணிந்த பொறுப்புள்ள அலுவலர் சொல்வது மறுபுறம். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும் இதனை நீதிமன்றங்களுக்குக் கொண்டுசென்றனர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் பெண் அலுவலர் ஒருவர் அவ்வாண்டே ஊருக்குச் சென்று விசாரித்து, பெண்களின் கூற்று மெய்யென அறிக்கை அளித்தார். 1995-இல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதற்குப் பின்னும் பதினாறு ஆண்டுகள் சென்றன.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அவர்களுள் 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர்; ஒருவரேனும் விடுவிக்கப்படவில்லை. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சு மாதத்தில் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடங்களைப் பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று, முந்தைய தீர்ப்பு வெளியான அதே நாளில், தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட மேலதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

புதினத்தையும் இவ்வழக்கையும் சமமாக்குவது நம் நோக்கமன்று. ஒன்று கற்பனை, மற்றொன்று நம் அயலாரின் உடலில் எழுதப்பட்டது. ஆயினும் ஒரு நீதிபதி ஊருக்குப் போய் ஆலமரத்தையும் ஏரியையும் தம் கண்ணால் பார்த்தார் என்னும் செய்தியைப் படிக்கையில், அமெரிக்கப் புதினத்தின் ஆடவர்கள் ஆறு மைலுக்கு ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. அவர்கள் போயிருந்தால் கதை பாதியிலேயே முடிந்திருக்கும்.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில், உபாகமம் 21-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், நாம் அதிகம் பிரசங்கியாத ஒரு பகுதி உள்ளது. வெளியிலே கொலையுண்டு கிடக்கும் ஒருவனைக் கொன்றவன் இன்னான் என்று தெரியாவிடில், மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப் போய், பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள ஊர்களுக்குள்ள தூரத்தை அளக்கவேண்டும். மிகக் கிட்டின ஊரின் மூப்பர்கள் கர்த்தருக்கு முன்பாக அதற்கு உத்தரவு சொல்லவேண்டும். பலியின் விவரங்களை விளக்கவுரையாளர் பலவாறு விளக்குவர். ஆனால் அளக்கவேண்டும் என்னும் கட்டளையில் ஐயமில்லை. அயலில் சிந்திய இரத்தத்திற்கு அருகிலுள்ள ஊர் பொறுப்பேற்கிறது. பழைய ஊருக்கும் ஆறு மைலுக்கும் இடையே அப்படி ஒருவரும் நூல் பிடித்து அளக்கவில்லை. நம் ஊருக்கும் காலனிக்கும், அரூருக்கும் மலையடிவாரத்திற்கும் இடையே உள்ள தூரத்தை நாம் பேருந்துக் கட்டணத்தால் மட்டுமே அறிந்துவைத்திருக்கிறோம்.

அழைக்காமல் வராதவன்

வாம்பயரைப்பற்றிய மரபுகளில் ஒன்று, வீட்டார் அழைத்தாலன்றி அவன் வாசற்படி தாண்டமாட்டான் என்பது. ஹெண்ட்ரிக்ஸ் இதனை நன்கு பயன்படுத்தியுள்ளார். பெட்ரீஷியாவே அவனை உள்ளே வருமாறு உபசரிக்கிறாள். விருந்தோம்பல் அவள் வளர்ப்பு. பின்னர் ஆடவர்கள் அவனைத் தங்கள் தொழிலுக்குள் அழைக்கின்றனர், சபையார் தங்கள் நடுவில் அழைக்கின்றனர். பிசாசு பூட்டை உடைத்து வருகிறவன் என்றே நாம் பிரசங்கிக்கப் பழகியுள்ளோம். ஆதியாகமத்தில் சர்ப்பம் உரையாடலின் வழியே வருகிறது. யூதாஸ் பந்தியில் உடனிருந்தவன்.

நம் மாவட்டத்தின் வீடுகளுக்குள்ளும் இவ்வாறு அழைக்கப்பட்டு வந்த ஒன்று உண்டு. பெண் சிசுக்கொலை மிகுந்த பகுதி என்று பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் 1000 பேருக்குப் பெண்குழந்தைகள் 826 பேரே இங்கு இருந்தனர். 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இம்மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. நிலைமை பிற்காலத்தில் ஓரளவு சீர்பட்டதெனினும், கருவிலுள்ள சிசுவின் பாலினத்தைச் சட்டவிரோதமாய் ஸ்கேன் கருவியால் கண்டு சொல்லிவந்தோர் 2022-ஆம் ஆண்டிலும் தருமபுரியில் பிடிபட்டனர். இதனைச் செய்விப்போர் அந்நியர் அல்லர். மாமியாரும் கணவனும், சில வேளைகளில் தாயுமே, வரதட்சணைக்கு அஞ்சி வாசலைத் திறந்துவிடுகின்றனர். குழந்தையைக் காட்டேரி கொண்டுபோகாதிருக்கப் படையலிடும் அதே வீட்டில் இதுவும் நடைபெறக்கூடும் என்பதை நாம் மறைக்கலாகாது. ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் வீடுகளும் இதற்கு முற்றும் விலக்கல்ல.

இரத்தத்தைப்பற்றித் திருமறை

இரத்தம் குடித்தலைப்பற்றிய கதைக்கும் திருமறைக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்கலாம். தொடர்பு நெருங்கியது. மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பதும், ஆதலால் அதனைப் புசிக்கலாகாது என்பதும் லேவியராகமம் 17-ஆம் அதிகாரத்தின் போதனை. பிற உயிரை உட்கொண்டு தன் உயிரை வளர்க்கும் உரிமை மனிதனுக்கு இல்லை, உயிர் ஆண்டவருக்குரியது. ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என ஆதியாகமம் 4:10 கூறுகிறது. நம் சிற்றூர்களின் பேய்க்கதைகளில் கூப்பிடும் குரலும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு ஒன்று உண்டு. ஆபேலின் குரலை ஆண்டவர் அடக்கிவைக்கவில்லை, காயீனை அழைத்து விசாரித்தார்.

மீகா தீர்க்கதரிசி 3-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் தலைவர்களை நோக்கி, அவர்கள் ஜனத்தின் தோலை உரித்து, எலும்புகளை முறித்து, கொப்பரையில் இடும் இறைச்சியைப்போல் அவர்களைத் தின்கிறவர்கள் எனக் கடிந்துகொள்ளுகிறார். திகில் கதை எழுதுவோர் எவரும் இதனினும் கொடிய காட்சியை எழுதிவிடவில்லை. நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரம் எளியவர்களைப் பட்சிக்கும் சந்ததியாரைச் சொன்னவுடன், தா தா எனக் கேட்கும் அட்டையைச் சொல்லுகிறது. தீர்க்கர் இவ்வாறு பேசியது அரமனைகளையும் நியாயாசனங்களையும் குறித்தே. சங்கீதம் 14-ம் அவ்வாறே.

திகில் இலக்கியத்தைத் திருவிருந்தோடு சேர்த்து நோக்குவோரும் உண்டு. மற்றவர்களின் இரத்தத்தால் தான் சாகாதிருப்பவன் வாம்பயர். தம் இரத்தத்தை ஈந்து மற்றவர்களைப் பிழைப்பிப்பவர் கிறிஸ்து. ஒப்பீடு சரியானதே, பிரசங்கத்திற்கு எளிதாகவும் அமையும். ஆனால் இதனோடு வரலாற்றுச் செய்தி ஒன்றையும் நினைவில் வைப்பது நலம். இரண்டாம் நூற்றாண்டில், சிசுவைக் கொன்று இரத்தம் குடிப்போர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் கிறிஸ்தவர்களே. தெர்த்துல்லியன் ஏறத்தாழ கி.பி. 197-இல் எழுதிய எதிர்வாத நூலில் இப்பழியை மறுத்துரைக்க வேண்டியிருந்தது. பின்னர் கிறிஸ்தவர்கள் அதிகாரம் பெற்றபோது இதே பழியை யூதர்கள்மேல் சுமத்தி அவர்களைக் கொன்றனர். ஆகவே அண்டையில் வந்த அந்நியன் இரத்தம் குடிப்பவன் என்னும் கதை இருபுறமும் கூருள்ள வாள். ஹெண்ட்ரிக்ஸின் புதினத்திலும் கொடியவன் வெளியிலிருந்து வந்தவனே. இது நூலின் குறைகளுள் ஒன்று. வாச்சாத்தியில் பேயுருவாகச் சித்திரிக்கப்பட்டவர்கள் ஊர் மக்களே. வீரப்பனைத் தேடிய அக்காலத்தில் கடத்தல்காரர் என்னும் ஒரு சொல் போதுமாயிருந்தது. அச்சொல்லை ஒருவன்மேல் எழுதிவிட்டால் அவனுக்குச் செய்யப்படும் எதுவும் குற்றமாகத் தோன்றாது.

சாட்சியைப்பற்றிப் புதிய ஏற்பாடு இன்னும் அருகே வந்து பேசுகிறது. உயிர்த்தெழுந்த நாளின் அதிகாலையில் கல்லறைக்குச் சென்று திரும்பிய பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர் வீண்பேச்சென எண்ணி நம்பவில்லை என லூக்கா 24:11 ஒளிவின்றிக் கூறுகிறது. பெண்களின் சாட்சி ஏற்கத்தக்கதன்று என்பதை அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் ஒரு விதியாகவே எழுதிவைத்துள்ளார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சுஸ், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி பித்துப்பிடித்த ஒரு பெண்தானே என ஏளனம் செய்ததை ஒரிகெனின் மறுப்புநூல் வாயிலாக அறிகிறோம். மனநல மருத்துவன் கார்ட்டர் தன் மனைவிக்குச் சொன்னதும் இதுவன்றோ? திருச்சபையின் விசுவாசம் முதலில் நம்பப்படாத பெண்களின் சொல்லிலிருந்து தொடங்கிற்று. அத்தகைய சபை, தன்னிடம் வந்து பேசும் பெண்ணின் சொல்லை எடைபோடும்போது, கெல்சுஸின் தராசை இரவல் வாங்கலாகாது.

நூலின் முடிவு

புதினத்தின் சமயப்பற்றுள்ள பாத்திரமான ஸ்லிக் என்பவளைப்பற்றியும் ஒரு சொல். பேய்வேடம் போடும் ஹாலோவீன் நாளுக்கு மாற்றாகச் சீர்திருத்தத் திருநாள் விருந்து நடத்தும் அளவுக்கு அவள் தீவிரமானவள். நம் வாசகர்கள் அங்கே சிரித்தால் குற்றமில்லை, நாமும் சிரித்தோம். ஆனால் ஆசிரியர் அவளை வெறும் கேலிப்பொருளாக விட்டுவிடவில்லை. தாமதித்தாயினும் பெட்ரீஷியாவை நம்புகிறாள். அந்நம்பிக்கைக்காக உடலில் கொடிய பாடு பட்டு மரிக்கிறாள். ஸ்டீபன் கிங் 1975-இல் எழுதிய வாம்பயர் புதினத்தில் காலகன் என்னும் குரு, கையிலுள்ள சிலுவையைவிடத் தம் விசுவாசம் பெரிது என எண்ணத் துணியாததால், சிலுவையின் ஒளி மங்கித் தோற்றுப்போகிறார். ஸ்லிக்கின் கையில் சிலுவையும் இல்லை, ஒளியும் இல்லை. ஆயினும் ஊழியத்திற்கு ஆயத்தமாவோர் அக்குருவினிடத்தில் கற்பதினும் இவளிடத்தில் மிகுதியாய்க் கற்கலாம்.

நூலின் முடிவு நமக்கு உடன்பாடானதன்று. பெண்கள் வாம்பயரைத் தங்கள் கையாலேயே வெட்டி அழிக்கின்றனர். கதையின் விதிப்படி வேறு வழியில்லை. சட்டமும் கணவன்மாரும் கைவிட்டனர். ஆயினும் அக்கொடிய வேலையின் பெரும்பங்கைச் செய்ய மீண்டும் கிரீன் அம்மையாரே அழைக்கப்படுகிறாள் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். ஆறு மைலின் பிள்ளைகளுக்காக ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் பெயர்களும் பொதுவில் வாசிக்கப்படவில்லை. குற்றம் மறைவில் நடந்ததுபோலவே தண்டனையும் மறைவில் நடந்துவிடுகிறது. வாச்சாத்திப் பெண்கள் செய்தது வேறு. அவர்கள் தங்களைக் கெடுத்தோரை அடையாள அணிவகுப்பில் சுட்டிக்காட்டினர். மிரட்டலுக்கும் பணத்துக்கும் இணங்காமல் 19 ஆண்டுகள் சாட்சிக்கூண்டில் ஏறி இறங்கினர். லூக்கா 18-ஆம் அதிகாரத்தின் விதவையைப்போல் நியாயம் செய்யும்படி கேட்டுக்கொண்டே இருந்தனர். புதினத்தில் வரும் எவரைக்காட்டிலும் இவர்கள் துணிவுடையோர் என்பது நம் தீர்வு. அமெரிக்க ஆசிரியர் இவர்களை அறிந்திருந்தால் தம் கதைக்கு வேறு முடிவு எழுதியிருப்பாரோ என்னவோ.

இந்நூலை வாசிக்கலாமா என்னும் தொடக்கக் கேள்விக்கு வருவோம். பாலியல் வன்முறையும் அருவருப்பான காட்சிகளும் இதில் உள்ளமையால் சிறுவர்களுக்கும் ஓய்வுநாட்பள்ளி வகுப்புகளுக்கும் இது ஏற்றதன்று. ஆங்கிலம் எளியது, தமிழாக்கம் செய்ய விரும்புவோர் தலைப்பில் காட்டேரி என்னும் சொல்லைத் தவிர்ப்பார்களாக. பெண்கள் ஐக்கியங்களும் இறையியல் மாணவர்களும் இதனைப் படிக்க முன்வந்தால், ச. பாலமுருகன் 2004-இல் வெளியிட்ட 'சோளகர் தொட்டி' என்னும் புதினத்தையும் உடன் படிக்கவேண்டும். வீரப்பன் தேடுதலின்போது சத்தியமங்கலம் மலைப்பகுதியில் பழங்குடியினர் பட்ட பாடுகளைச் சொல்லும் நூல் அது. மூன்று கூட்டங்கள் போதுமானவை. மூன்றாம் கூட்டத்தை ஆலயத்தில் நடத்தாமல், அரூருக்குப் பேருந்தில் சென்று, அங்கிருந்து வாச்சாத்திக்குப் போய், அவ்வூர்ப் பெண்கள் பேச விரும்பினால் கேட்டுவருவது மேல். போகுமுன் மலைவாழ் மக்கள் சங்கத்தார் வழியாக அவர்களுடைய விருப்பத்தை அறிந்துகொள்ளுதல் அவசியம். வேடிக்கை பார்க்க வந்தோரையும் அவர்கள் நிறையக் கண்டிருக்கிறார்கள்.